வெள்ளியங்கிரிக்கு வந்த பக்தி

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இந்த டைரி பம்பு கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் எங்கள் லேத்துப் பட்டறைக்குக் கொடுப்பது. முதல் பக்கத்தில் மோட்டார் படம். கடைசிப் பக்கத்தில் எத்தனை குதிரைத்திறனுக்குத் தண்ணீர் எத்தனை அடி ஏறும் என்று ஒரு கணக்கு. நடுவில் இருக்கும் பக்கங்களை என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி தொட்டதே இல்லை. அதனால் நான் எடுத்துக்கொண்டேன்.

எழுதச் சொன்னது ஆஸ்பத்திரியில் ஜெசிந்தா சிஸ்டர். "வலிச்சுதா, ரத்தம் பட்டுச்சா, எல்லாம் குறிச்சு வைங்கம்மா" என்றார். நான் குறிப்போடு நிறுத்துகிற ஆளா?

கருப்பை வாயில் வந்த புற்றுநோய்க்கு எனக்குக் கரண்டு வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் அதுதான் பெயர். சித்திரையோடு எல்லாம் முடிந்தது. போன தடவை போனபோது டாக்டரம்மா, "வீட்டுக்காரரோட சேர்ந்து இருக்கீங்களா?" என்று கேட்டார். "சேர்ந்துதானுங்க இருக்கறோம். ரேஷன் கார்டே ஒண்ணுதானுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். தப்பித்தோம் என்று ஓடி வந்துவிட்டேன்.

இன்றைக்கு விடவில்லை. பரிசோதனை செய்துவிட்டு, "நோய் போயிருச்சு கலாமணி. ஆனா கரண்டு வெச்ச இடம் சுருங்குது, காஞ்சும் போயிருக்கு. இப்படியே விட்டா ஒட்டிக்கும். எனக்கு உள்ளே பாக்கறதும் கஷ்டம், உங்களுக்கு வீட்டுக்காரரோட இருக்கறதும் கஷ்டம்" என்றார். நான் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சிஸ்டர் என்னைச் சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு துணிப்பையைக் கொடுத்தார். உள்ளே வழுவழுவென்று வெள்ளை நிறத்தில் ஐந்து உருளைகள். டைலேட்டராம். முதலாவது சுண்டுவிரல் அளவு. ஐந்தாவதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. வாரத்தில் மூன்று நாள், ஜெல் தடவி, மூச்சை மெதுவாக விட்டு, சின்னதிலிருந்து தொடங்க வேண்டும். அப்போதுதான் அந்த இடம் ஒட்டாமல் இருக்கும்.

"சிஸ்டர், நான் பட்டறைக்காரர் பொண்டாட்டிங்க. இதப் பாத்தா எனக்கு ஓட்டை அளவு பாக்கற கேஜ் மாதிரியே இருக்குதுங்க" என்றேன். சிஸ்டர் சிரித்த சிரிப்பில் அடுத்த அறை நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

எந்தெந்த நாள் என்று கேட்டார். செவ்வாய், வியாழன், சனி, சாயங்காலம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இன்னும் என்னென்னவோ கேட்டார். வெட்கத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

நான் பாத்ரூம் போய்விட்டு வருவதற்குள் வராந்தாவில் சிஸ்டரும் இவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் காது இரண்டும் சிவந்திருந்தன. என்ன பேச்சு என்று கேட்டதற்கு, "பார்க்கிங் பத்தி" என்றார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

மெடிக்கலில் கூட்டம். பக்கத்தில் எதிர்வீட்டுக்காரர் வேறு நிற்கிறார். மெதுவாக "ஜெல் ஒண்ணு குடுங்க" என்றேன். கடைக்காரர், "என்ன ஜெல்லுங்கக்கா? வலிக்கா, தலைக்கா, ஸ்கேனுக்கா?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். "வலிக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் திறந்தால் குப்பென்று தைல வாசம். அதை மட்டும் தடவியிருந்தால் இந்த டைரியை யாராவது நினைவுநாளில் படித்திருப்பார்கள்.

டியூப் அத்தையின் முழங்காலுக்குப் போயிற்று. அத்தை என்றால் என் மாமியார் ராமாத்தாள். "என்ற மருமக மாதிரி யாருக்கும் வராது" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தண்ணீரில் செய்த சரியான ஜெல்லை வேறு கடையில், முகத்தை முந்தானையால் துடைப்பதுபோல மூடிக்கொண்டு வாங்கினேன்.

ஆகஸ்ட் 10, சனி

எங்கள் படுக்கையறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அது உடைந்து பல வருடம் ஆகிறது. துணி தேய்க்கும் மேசையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கட்டிலில் படுத்து, கண்ணை மூடி, மூச்சை விட்டு, முதலாவதை எடுத்தேன்.

"அம்மணி, சீரகம் எங்க இருக்குது?"

"அஞ்சறைப் பெட்டியில அத்தை!"

"அதுல சோம்புதான இருக்குது?"

"பக்கத்து டப்பாவுல!"

"எந்தப் பக்கம்?"

சிஸ்டருக்கு: வலி இல்லை. ரத்தம் இல்லை. சீரகம் கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வீட்டில் ஓர் அதிசயம். சாயங்காலம் நாலு மணிக்கே பட்டறையிலிருந்து வந்து, "அம்மா, கெளம்பு. கோயிலுக்குப் போலாம்" என்றார் இவர். அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டார்.

வெள்ளியங்கிரி என்று மலைச்சாமி பேரை வைத்துக்கொண்டு அந்த மலைப்பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர் இவர். எங்கள் கல்யாணத்தில் சாமியைக் கும்பிடச் சொன்னதற்கு, "பொண்ணு கும்பிடுதில்ல, அது போதும்" என்றவர். அத்தைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சாமி, இத்தன வருசம் கழிச்சு உனக்குப் புத்தி குடுத்துச்சே" என்று மகன் நெற்றியில் விபூதியை அப்பினார். இவர் துடைக்கவும் இல்லை.

அவர்கள் வரும்வரை வீடு அமைதியாக இருந்தது. எனக்கும் சௌகரியம்தான்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மறுபடியும் கோயில். போவதற்கு முன்னால் படுக்கையறைக் கதவுக்குப் பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று போட்டார். பட்டறையில் அவரே கடைந்ததாம். சத்தமே இல்லாமல் வெண்ணெய் மாதிரி நகர்கிறது.

"இப்ப எதுக்குங்க இது?"

"திருடன் வந்தா?"

"திருடன் படுக்கையறைக்கா வருவான்?"

"அவன் எங்க வேணா வருவான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த அறையில் நான் மட்டும்தான் படுக்கிறேன் என்பது வேறு விஷயம். ஜூன் மாதத்திலிருந்து அவர் ஹாலில் பெஞ்சுமேல் படுக்கிறார். இருமலாம். எனக்குத் தொந்தரவாக இருக்குமாம். அவர் இருமி நான் கேட்டதே இல்லை.

ஆகஸ்ட் 17, சனி

கோயில். மூன்றாவது தடவை. உடம்புக்கு ஏதாவது வந்து என்னிடம் மறைக்கிறாரோ? ஒருவர் ஆஸ்பத்திரி போனது போதாதா இந்த வீட்டுக்கு?

ஆகஸ்ட் 29, வியாழன்

அத்தை இரண்டு நாளாகப் புலம்பல். "இந்த மருந்து முன்ன மாதிரி இல்ல அம்மணி. சுரீர்ங்கறதே இல்ல. வழவழன்னு இருக்குது, வலி மட்டும் அப்பிடியே இருக்குது."

போய்ப் பார்த்தால் அவர் கையில் இருப்பது என்னுடைய டியூப். அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தது என் தப்பு. தைல டியூப் எங்கே என்று தேடினேன். அது என் தலையணைக்கு அடியில், இன்றைக்கு எடுப்பதற்குத் தயாராக இருந்தது. நான் எந்தச் சாமியையும் இவ்வளவு மனதாரக் கும்பிட்டதில்லை.

இரண்டாவது அளவு சுலபமாகப் போகிறது.

செப்டம்பர் 5, வியாழன்

மத்தியானம் உடம்பு திடீரென்று தகதகவென்று எரிந்தது. கரண்டு வைத்ததால் மாதவிலக்கு நின்று போன கோளாறு இது. ஃபிரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றேன். இவர் வந்து பார்த்துவிட்டு டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து சமையலறையில் வைத்தார். அடுப்பு அணைந்துவிட்டது. திட்டினேன். தூக்கிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருக்க வேண்டாம்.

நான் குடத்தைத் தூக்கினால் "வலிக்குதா?" என்று கேட்கிறார். குனிந்தால் "வலிக்குதா?" தும்மினால்கூட "வலிக்குதா?" ஆனால் டம்ளர் வாங்கும்போது விரல் பட்டுவிடாமல் பார்த்து வாங்குகிறார். அத்தையாவது பரவாயில்லை. உடம்பில் கரண்டு மிச்சம் இருக்கும் என்று நினைத்து, ஈரக்கையோடு மிக்ஸியைத் தொடாதே என்று நேராகவே சொன்னார். அப்படி எல்லாம் எதுவும் உடம்பில் தங்காது, யாருக்கும் ஒட்டாது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். இவர் கேட்டால்தானே நான் விளக்க முடியும்?

ஜூன் மாதம் ஒரு நாள். வேண்டாம், அதை எழுத வேண்டாம்.

சின்ன வெங்காயம் உரித்தேன். கண்ணெல்லாம் தண்ணீர். வெங்காயத்தினால்தான்.

செப்டம்பர் 12, வியாழன்

மூன்றாவது சரியாகிவிட்டது. நான்காவது நடக்கிற கதையாகத் தெரியவில்லை. கொஞ்சம் ரத்தம் பட்டது. சிஸ்டருக்குப் போன் செய்தேன். துளி பட்டால் பயப்பட வேண்டாம், நிறையப் பட்டால் உடனே வா, இப்போதைக்கு மூன்றிலேயே இரு, அவசரமில்லை என்றார். அவருக்கு அவசரமில்லைதான்.

பையின் கயிற்றில் நான் எப்போதும் சுருக்கு முடிச்சுப் போடுவேன். இன்றைக்கு அவிழ்க்கும்போது இரட்டை முடிச்சாக இருந்தது. நானே போட்டிருப்பேன். மறதி ஜாஸ்தியாகிவிட்டது.

செப்டம்பர் 26, வியாழன்

கொட்டுகிற மழை. இவர் குடையோடு நிற்கிறார். அத்தை மாட்டேன் என்கிறார்.

"இந்த மழையில எந்தச் சாமிடா நம்மளக் கூப்புடுது?"

"எல்லாச் சாமியுந்தான். கெளம்பும்மா."

"என்ற முழங்காலு வேண்டாங்குது."

"வேண்டுதலு. இடையில உட்டா குத்தமாயிரும்."

"என்னடா வேண்டுதலு?"

"வெளிய சொல்லக்கூடாது."

பாவம், அத்தை போனார். திரும்பி வந்து தலையைத் துவட்டிக்கொண்டே என்னிடம் புகார் சொன்னார். "பக்தியும் இல்ல ஒண்ணும் இல்ல அம்மணி. உள்ள வாறதே கெடையாது. செருப்பு போடற எடத்துல உக்காந்துக்கிட்டுக் கடியாரத்தப் பாக்கறான். நானாக் கெளம்பலாம்னு வந்தாலும், இன்னும் ஒரு சுத்து சுத்திட்டு வாம்மாங்கறான். பூசாரி என்னயப் பாத்தா எந்திரிச்சு ஓடறாரு."

பட்டறையில் வேலை இருக்கும், அதனால் கடிகாரத்தைப் பார்த்திருப்பார் என்றேன்.

அக்டோபர் 3, வியாழன்

மூன்றிலேயே நிற்கிறேன். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வலிக்கும் என்று இல்லை. எல்லாம் சரியான பிறகும் இந்த மனிதர் ஹாலிலேயே இருந்துவிடுவாரோ என்றுதான் பயம். உடம்பைத் தயார் செய்துகொண்டு யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று இன்றைக்கு நினைத்துப் பார்த்தேன். எனக்கு அவர் வேண்டும். எழுதியாயிற்று.

நாளைக்கு இட்லி மாவு ஆட்ட வேண்டும்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூசை

வரிசையாகச் சொல்கிறேன்.

அத்தை காலையிலேயே பட்டறைக்குப் போய்விட்டார். பூசை அலங்காரம் எப்போதும் அவர் பொறுப்பு. நான் சுண்டல் தூக்கோடு போய்ச் சேர்ந்தபோது நல்ல கூட்டம். வேலைக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பம்பு கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் மாணிக்கவாசகம். லேத்துகளுக்கு வாழைக்கன்று, மாவிலை. மேசைமேல் சாமி படம். அதற்கு முன்னால் அளவெடுக்கும் வெர்னியர், மைக்ரோமீட்டர், சுத்தியல், டிரில் பிட்டுகள். அதற்கு நடுவில், சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக, சந்தனம் குங்குமம் வைத்து, ஆளுக்கொரு மல்லிகைப் பூவோடு, என்னுடைய ஐந்தும் நின்றுகொண்டிருந்தன.

சுண்டல் தூக்கு கையை விட்டுப் போயிற்று. மூடி மட்டும் உருண்டு போய் மாணிக்கவாசகத்தின் காலடியில் நின்றது.

"அத்தை, இது எங்க இருந்து வந்துச்சு?"

"உன்ற பீரோவுல இருந்துதான். சாமி படத்துக்குப் பட்டுத்துணி தேடுனனா, சீலைக்கு அடியில பை இருந்துது. உன்ற ஊட்டுக்காரனுக்கு மறதியப் பாரு, கேஜைக் கொண்டாந்து சீலைக்குள்ள வெச்சிருக்கறான். நல்லவேளை நான் பாத்தேன். ஒரு ஆயுதம் உட்டுப்போச்சுன்னாலும் வருசம் பூராவும் அது ஒழுங்கா வேல செய்யாது."

பூமி பிளக்கவில்லை. கேட்டுப் பார்த்தேன். அத்தை கற்பூரத்தைக் காட்டினார். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தூரத்தில் இவர் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஓர் அசைவும் இல்லை, காது மட்டும் ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த அதே சிவப்பு.

மாணிக்கவாசகம் சும்மா இருக்கலாமே. நான்காவதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னங்க வெள்ளியங்கிரி, புது ஐட்டமா? நுனி சரிவா, டேப்பர் அருமையாக் குடுத்திருக்கீங்க. இது எந்த பம்புக்கு?"

இவர் பக்கத்தில் வந்தார். அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். "இது எங்க ஊட்டு அம்மணியோடதுங்க. பூசைக்குத்தான் வந்திருக்குது, விக்கறதுக்கு இல்ல" என்று சொல்லி, தோள் துண்டால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். மாணிக்கவாசகம் "அப்பிடீங்களா" என்று சொல்லிப் பொரிக்குக் கையை நீட்டினார்.

இவர் ஐந்தையும் எடுக்கப் போனார். அத்தை கையைத் தட்டிவிட்டார். "பூசைக்கு வெச்ச ஆயுதத்த இன்னைக்கு எடுக்கக்கூடாது. நாளைக்கு விஜயதசமிக்குத்தான் எடுக்கோணும்."

"ஏம்மா, சாஸ்திரம் கெடக்கட்டும்மா."

"இத்தன கோயிலுக்குப் போன பையன் பேசற பேச்சா இது?"

இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கிளம்பும்போது வாசலில் என் பக்கத்தில் வந்து நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். "நாளைக்கு சனிக்கெழமை. சாயங்காலத்துக்குள்ள வேணுமில்ல? காலைல எடுத்தரலாம். சோப்புத் தண்ணில கழுவி, தொடச்சு, காத்தாட வெக்கோணும், அப்பிடித்தான?"

செவ்வாய். வியாழன். சனி. கோயிலுக்குப் போன நாள்களும் இவைதான்.

தெருவில் நின்று பைத்தியம் மாதிரி அழுதேன். எல்லோரும் சுண்டல் கொட்டியதற்கு அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள்.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

காலையில் நானும் அவருமாகப் பட்டறைக்குப் போனோம். வேறு யாரும் இல்லை. அவர் ஐந்தையும் கழுவினார். நான் துடைத்தேன். கல்யாணமான புதிதில் பாத்திரம் இப்படிக் கழுவியிருக்கிறோம்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"மொத நாளே. சிஸ்டர் உன்னயக் கேட்டுத்தான எங்கிட்டச் சொன்னாங்க? நீ தலையாட்டுனயாமா."

"தெரிஞ்சு ஏனுங்க ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா அன்னைக்கு மாதிரி அழுவயோன்னு பயம்."

ஜூன் மாதத்து அன்றைக்கு. சரி, எழுதிவிடுகிறேன். ரொம்ப நாள் கழித்து அவர் என் பக்கத்தில் வந்து கையைப் போட்டார். நான் அழுதேன். அவர் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது.

"வலிச்சுப் போச்சு, நம்ம கையே உனக்கு ஆகறதில்லன்னு நெனச்சேன்" என்றார்.

"வலில அழுகலீங்க. நீங்க தொட்டது எனக்கு ஒண்ணுமே தெரியல. மரக்கட்டை மாதிரி கெடந்தேன். இனி இப்பிடியேதான் போலன்னு அழுதேன். நீங்க எந்திரிச்சுப் போனதும் இன்னும் ஜாஸ்தியா அழுதேன்."

அவர் ஐந்தாவதைக் குழாயடியில் பிடித்துக்கொண்டே நின்றார். தண்ணீர் பாட்டுக்கு ஓடியது.

"நானும் ஹால்ல அழுதேன்" என்றார்.

"இருமல்னு சொன்னீங்க?"

"அதுதான் இருமல்."

குழாயை நான்தான் மூடினேன். பிறகு அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஏதோ எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பின்னால் மறைத்துக்கொண்டு வந்தார். வெள்ளை நைலானில் கடைந்த ஓர் உருளை. பளபளவென்று முகம் தெரிகிற மாதிரி தேய்த்திருந்தார்.

"நீ மூணாவதுலயே நிக்கறேன்னு சிஸ்டர்கிட்டப் போன்ல சொல்லிட்டு இருந்தயில்ல? காதுல உழுந்துது. அப்பறம் வெர்னியர் வெச்சு அளந்து பாத்தேன். மூணுக்கும் நாலுக்கும் அத்தன கேப் உட்டிருக்கறான். எவன் டிசைன் பண்ணுனான் இத? நடுவுல ஒண்ணு இருந்தா நோகாமப் போகும். அதான் மூணே கால்னு ஒண்ணு, மூணரைன்னு ஒண்ணு... இது மூணரை. மூணே கால் கொஞ்சம் கோணிப்போச்சு."

இரட்டை முடிச்சு யார் போட்டது என்று தெரிந்துவிட்டது. நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. லேத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் முதலில் முறைத்தார், "ஃபினிஷிங்கப் பாரு அம்மணி, ஒரு கோடு இருக்குதா?" என்றார், அப்புறம் அவரும் சிரித்தார். சிரிப்புக்கு நடுவில் என் கை அவர் கையில் இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. மரக்கட்டை இல்லை.

இன்றைக்கும் சாயங்காலம் அத்தையைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். ராத்திரி பெஞ்சு காலி. கட்டிலில் என் பக்கத்தில் படுத்து, உத்தரத்தைப் பார்த்தபடியே, "வலிக்குதா?" என்று கேட்டார். "நீங்க இன்னும் தொடவே இல்லீங்க" என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினோம். அவர் குறட்டையைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! சகிக்கவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

ஆஸ்பத்திரி. இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே போனோம். இவர் மூணரையைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து சிஸ்டர் மேசைமேல் வைத்தார். சிஸ்டர் அதை எடுத்துப் பார்த்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டார். வெகு நேரம் மூடியே இருந்தார்.

"அண்ணா, வேலை பிரமாதம். ஆனா இதை உள்ளே வைக்கக் கூடாது. பட்டறையில செஞ்சது, சுத்தம் பண்ண முடியாது, என்ன பொருள் சேர்ந்திருக்குன்னும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி குடுக்கறது மட்டும்தான்" என்றார்.

இவர் முகம் தொங்கிவிட்டது. "டேப்பரையாச்சும் பாருங்க சிஸ்டர்" என்றார்.

"பார்த்தேன் அண்ணா. நடுவுல ஒரு அளவு வேணும்னு நீங்க சொன்னது சரி. வேற செட்டுல இருக்கு, தரேன்."

மனிதர் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஏதோ பெரிய ஆர்டர் கிடைத்த மாதிரி.

சிஸ்டர் மேலே சொன்னதும் எனக்கு வேண்டியதாக இருந்தது. எடுத்ததுமே எல்லாம் நடக்க வேண்டியதில்லை, கட்டிப்பிடித்துப் படுங்கள், பேசுங்கள், எங்கே தெரிகிறது எங்கே தெரியவில்லை என்று சொல்லுங்கள், ஜெல்லைத் தாராளமாகப் போடுங்கள், வலித்தால் நிறுத்துங்கள். "அம்மா நிறுத்துங்கன்னா நிறுத்தணும் அண்ணா." இவர், "எங்க லேத்துலயே அதுக்கு செவப்பு பட்டன் இருக்குதுங்க" என்றார்.

மூணரை இப்போது படுக்கையறைக் கதவு ஆடாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

வழக்கமாக எல்லோருக்கும் அத்தைதான் எண்ணெய் வைப்பார். கிண்ணத்தோடு வந்து நின்றார். இவர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "அம்மணிக்கு நான் வெக்கறேன்" என்றார். தலை, கழுத்து, முதுகு. அத்தை அங்கேயே நின்று, "எண்ணெய் வெக்கச் சொன்னா இவன் பாலிஷ் போடறான்" என்றார். அவசரமே படவில்லை இவர்.

நவம்பர் 14, வியாழன்

நான்காவது, வலி இல்லாமல். ரத்தம் இல்லை. சிஸ்டருக்குப் போன் செய்தேன், கை தட்டினார். அடுத்தது நீங்கள் இருவரும் எப்போது நினைக்கிறீர்களோ அப்போது என்றார். இவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே "சரி" என்றார். குழம்பு ஊற்றாமலே சாப்பிட்டு எழுந்துவிட்டார்.

நவம்பர் 21, வியாழன்

கோயிலில் இந்த வாரம் முழுக்கச் சொற்பொழிவு. அத்தை கதை கேட்கப் போகிறேன் என்று அவராகவே கிளம்பினார். இவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். முடிந்ததும் ஏழு மணிக்கு வந்து கூப்பிட்டுக்கொள்வதாகப் பேச்சு.

நான் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கதவைத் தட்டும் சத்தம்.

"யாருங்க?"

"திருடன்."

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. கல்யாணமாகி மகனைப் பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பிய பொம்பளைக்கு இந்தப் படபடப்பு எதற்கு?

"இந்த ஊட்டுல எடுக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்களே" என்றேன்.

பிறகு, "வேண்டாம்னா போயர்றேன் அம்மணி. நெசமாத்தான் சொல்றேன்" என்றார்.

தாழ்ப்பாள் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது.

சிஸ்டருக்கு: ஜெல் தாராளம். வலி, முதலில் கொஞ்சம். "நில்லுங்க" என்றேன், நின்றார். அப்படியே நின்றுகொண்டு "செவப்பு பட்டனா?" என்று கேட்டார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததில் வலி போயிற்று. ரத்தம் இல்லை. எல்லா இடத்திலும் தெரியவில்லை. தெரிந்த இடங்களில் நன்றாகத் தெரிந்தது. மிச்சத்தை உங்களுக்குச் சொல்வதற்கில்லை சிஸ்டர்.

அப்புறம் இரண்டு பேரும் படுத்துக்கொண்டு கோணிப்போன மூணே காலைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். வாசலில் ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

அத்தை!

மணி எட்டரை. இவர் எழுந்து ஓடியதில் கதவு முட்டில் கால் இடித்து, மூணரை ஹால் வரைக்கும் உருண்டு போயிற்று. நான் தலையை அள்ளி முடிந்துகொண்டு பின்னாலேயே போனேன். அத்தை ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏண்டா, கதை முடிஞ்சு, சுண்டல் குடுத்து முடிஞ்சு, பூசாரி நடையச் சாத்தீட்டாரு. என்னயவும் சேத்துச் சாத்தப் பாத்தாரு. எங்கடா போன?"

"பட்டறையில ஒரு அவசர வேலைம்மா" என்றார் இவர்.

அத்தை மகனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சட்டை உள்பக்கம் வெளியே இருந்தது, காலர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். என் பொட்டு என் நெற்றியில் இல்லை. மறுபடியும் மகனைப் பார்த்தார். அது அவர் தாடையில் இருந்தது.

நாங்கள் இருவரும் பிடிபட்ட திருடர்கள் மாதிரி நின்றோம். அத்தை சமையலறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தார். முந்தானையால் வாயைத் துடைத்தார். அறைக்குள் போகும்போது, காலில் தட்டிய மூணரையை எடுத்து இவர் கையில் கொடுத்தார்.

"நாளைக்குக் கதை ஒம்பது மணி வரைக்கும் இருக்குதாமா. நான் எதுத்த ஊட்டுக்காரிகூட வந்துக்கறேன். நீ வர வேண்டாம்."

இரண்டு எட்டு வைத்துத் திரும்பினார். "வேண்டுதல இடையில உட்டறாத" என்றார்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. எங்கள் அட்டவணையில் வெள்ளி கிடையாது. சேர்த்துக்கொள்ளலாமா என்று சிஸ்டரைக் கேட்க வேண்டும்.